இளநீரில் ஊற்றியது

தேங்காய் விலை கண்டபடி ஏறி, கேரள எல்லையில் வடகரப்பதிப் பக்கத்துத் தோப்புகளுக்கெல்லாம் திருட்டுக்குப் பயந்து ஆள் போட்டுக் காவல் வைத்த வருஷம் இது. கள்ளு இறக்குவதைவிடக் காயை விட்டால் லாபம் என்று பாதிப் பேர் பாளை சீவுவதை நிறுத்திவிட்டார்கள். மீதிப் பாதியில் எங்கள் தோப்பும் ஒன்று. போன ஆடியில், கணவாய்க் காற்று மட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், மரத்தடியில் உட்கார்ந்து கள்ளை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். மரம் ஏறும் வயது எனக்குப் போய்விட்டது. அளக்கிற வேலைதான். மேற்கே உள்ள கடைகளுக்குக் கள்ளு கொண்டுபோகும் வண்டிக்காரர் வந்து இறங்கினார்.

"மாரண்ணா, மாட்டுத் தரகர் ஆறுச்சாமி போயிட்டாருங்களாமா" என்றார்.

கையில் இருந்த படியை நான் கீழே வைப்பதற்குள் அடுத்த பேச்சு வந்துவிட்டது.

"இன்னைக்கு உள்ளூர்க் கடைக்கு ரெண்டு கேன் சேத்திப் போடச் சொல்லிட்டாங்க. எழவூட்டுக்கு ஆளு நெம்ப வருமுங்களாமா."

செத்தவர் தொண்டையிலும் உணவுக்குழலிலும் புற்று வந்து செத்தவர். அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்வதற்கு முன்னால் கள்ளு போய்ச் சேர்ந்துவிட்டது.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சந்தைத் தரகர்கள் சேர்ந்து போடும் நினைவு மலருக்கு என்னையும் பேசச் சொன்னார்கள். எனக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல வாசகசாலைச் செயலாளர் எழுதிக்கொள்கிறார். "செத்தவரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க மாரண்ணா" என்றார். நல்லது சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என் வாயில் கசப்புதான் கிடக்கிறது. அதைத் துப்பின பிறகுதான் நல்லது வரும்.

ஆறுச்சாமி நல்ல தரகர். ஒரு சந்தையில், மேற்கத்தி வியாபாரி ஒருவர் சிந்துப் பசு ஒன்றைப் பல்லைப் பிடித்துப் பார்த்து, பாலைப் பீய்ச்சிப் பார்த்து, பிடித்துப்போய் நின்றார். துண்டைக் கைமேல் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை சொல்வது தரகர் வழக்கம். ஆறுச்சாமி துண்டை எடுக்கவே இல்லை. விற்க வந்தவரிடம் திரும்பினார்.

"ஏனுங்க, இதுக்கு மடிநோவு வந்து தீந்துதா, இன்னும் இருக்குதா? மறைக்காமச் சொல்லிப்போடுங்."

விற்க வந்தவர் முகம் செத்துப்போயிற்று. வியாபாரம் நடக்கவில்லை. திரும்பி வரும்போது, "ஏப்பா, உனக்கு வர வேண்டியதும் போச்சே?" என்று கேட்டேன். "மாடு பேசாது மாரா. அதுக்கும் சேத்தி நாம்பதான் பேசோணும்" என்றார். மாட்டின் சீக்கை அப்படி வெளியே சொன்ன மனுஷன்தான் தன் சீக்குக்கு வந்தபோது வழி தவறினார். தவற வைத்தவர்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

மாட்டு வியாபாரம் முடிந்தால் விற்றவர், வாங்கியவர், தரகர் மூவரும் ஒரே மொந்தையில் கள்ளு குடிக்க வேண்டும். அது எங்கள் பக்கத்துச் சட்டம். வாய் நனையாத வியாபாரம் நிலைக்காது, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பழைய கட்டுத்தறிக்கே ஓடிவிடும் என்பார்கள். ஒரு சந்தை நாளில் ஆறுச்சாமிக்கு ஆறேழு வியாபாரம் முடியும். ஆறேழு மொந்தை. முப்பது வருஷத்துக்கு மேல் அப்படி. ஆனாலும் அவரைக் குடிகாரர் என்று ஒருவரும் சொன்னதில்லை. எங்கள் ஊரில் குடிகாரன் என்றால் பிராந்திக் கடை வரிசையில் போய் நிற்கிறவன். கள்ளு அதில் சேராது. கள்ளு மரத்துப் பால், குளிர்ச்சி, சூட்டைத் தணிக்கும், வயிற்றுப் புண்ணை ஆற்றும். நானே எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லியிருக்கிறேன்! எனக்குக் கள்ளு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, குடித்ததில்லை. ஆனால் ஐம்பது வருஷம் இறக்கினேன். ஐம்பது வருஷமும் அதை மருந்து என்றே சொல்லி வந்தேன்.

கேரளம் முழுவதும் வெள்ளத்தில் மிதந்த அந்த வருஷம்தான் அவர் குரல் கட்டியது. சந்தையில் கத்திக் கத்திக் கட்டிக்கொண்டது என்றார்கள். மிளகைக் கடி, பனங்கற்கண்டைப் போடு என்றார்கள். நான் கள்ளில் மிளகு தட்டிப் போட்டுக் கொடுத்தேன். நாலு மாசம் ஓடிற்று. கடைசியில் அவர் மனைவி பழனியம்மாள்தான் சண்டை பிடித்தாள்.

"மாடு ரெண்டு நாள் தீனி எடுக்கலீன்னா பைக்கை எடுத்துட்டுப் போயி டாக்டரைக் கூட்டியாறீங்க. உங்க தொண்டைக்கு ஆரைக் கூட்டியாறது? வெட்டினரி டாக்டரையா?"

புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். உள்ளே ஒரு சிஸ்டர் மலையாளத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். பீடி உண்டா, வெற்றிலை உண்டா என்று கேட்டுவிட்டு, "மத்யம் கழிக்காறுண்டோ?" என்றாள். மது குடிப்பீர்களா என்று அர்த்தம். எங்களுக்கு நன்றாகப் புரிந்தது.

"இல்லீங்க சிஸ்டர். கையில தொடமாட்டனுங்க" என்றார் ஆறுச்சாமி.

அவர் பொய் சொல்லவில்லை. பிராந்தியை அன்றுவரை அவர் தொட்டதில்லை. பக்கத்தில் நின்ற நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். சிஸ்டர் அதை எழுதிக்கொண்டாள்.

ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், அறுவை வேண்டாம், கரண்ட் என்கிற கதிர் வைத்து ஊசி மருந்தும் போட்டால் ஆறும் என்றார் டாக்டரம்மா. கரண்ட் வைப்பதற்காக, வலை மாதிரி ஒரு தகட்டைச் சுடுதண்ணீரில் இளக்கி அவர் முகத்தின் மேல் படிய வைத்தார்கள். அது இறுகி, அவர் மூக்கும் தாடையும் அச்சாகிவிட்டது. தினமும் அந்த முகமூடியைப் போட்டு மேசையோடு பூட்டுவார்கள். ஆடக் கூடாது, அசையக் கூடாது. "மூக்கணாங்கயிறு தெரியும் மாரா. மூஞ்சிக்கே கயிறு போடறதை இப்பத்தான் பாக்கறேன்" என்று சிரித்தார். அந்த முதல் வாரம் அவருக்கு பயமே இல்லை.

மூன்றாவது வாரம் தொண்டை வெந்துவிட்டது. எச்சில் முழுங்குவது முள் முழுங்குகிற மாதிரி என்றார். இது எல்லாருக்கும் வருவது, கஞ்சியாகவாவது உள்ளே போக வேண்டும், எடை குறையக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். நான் எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். விடிகாலையில் இறக்கிய, புளிக்காத கள்ளை ஃபிளாஸ்க்கில் ஊற்றி, முதல் பஸ்ஸுக்கு அவர்கள் நிற்கும்போது பழனியம்மாள் கையில் கொடுத்தேன். வெந்த தொண்டைக்குக் குளிர்ச்சி என்றேன். அவளும் நம்பினாள். கஞ்சியை மறுத்தவர் கள்ளை மறுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஃபிளாஸ்க் காலியாகத் திரும்பி வந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

ஒரு நாள் முகமூடி லூசாகிவிட்டது என்றார்கள். கன்னம் அவ்வளவு ஒட்டிப்போயிருந்தது. முகம் உள்ளே ஆடினால் கரண்ட் தப்பான இடத்தில் படும் என்று நிறுத்திவிட்டார்கள். அன்று நானும் போயிருந்தேன். டாக்டரம்மா தொண்டைக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, இத்தனை புண் எப்படி என்று கேட்டார். பழனியம்மாள் வெள்ளந்தியாக ஃபிளாஸ்க்கைத் திறந்து நீட்டினாள்.

"குளிர்ச்சிக்குக் குடுக்கறமுங்க அம்மா. வேற ஒண்ணுமே எறங்க மாட்டேங்குதுங்க."

டாக்டரம்மா மோந்து பார்த்தார். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. சாக்கடையை மோந்தவர் மாதிரி இருந்தார்.

"இது யாரு கொண்டு வந்தது?"

"நானுங்க" என்றேன். "மரத்துலிருந்து எறக்கின சூட்டோட கொண்டாந்தனுங்க. மருந்துங்க."

"கள்ளும் மத்யம் தன்னெ" என்றார். பிறகு எங்களுக்காகத் தமிழுக்கு வந்தார். "வெந்த தோல் மேல யாராவது ஸ்பிரிட் ஊத்துவாங்களா? நீங்க தினமும் ஊத்தியிருக்கீங்க. கள்ளு, பிராந்தி, பியர், எதுல போனாலும் உள்ள போறது ஒண்ணுதான். புண் ஆறாது, சாப்பாடு போகாது, ஒடம்பு மருந்தைத் தாங்காது. இப்ப எடையும் போச்சு, சிகிச்சையும் நின்னு போச்சு. நிக்கற நாள்ல நோய் சும்மா இருக்காது, வளரும். அவருக்கு நல்லது செய்யறேன்னு நோய்க்குத் தீனி போட்டிருக்கீங்க."

என் எழுபது வயதில் அப்படி ஒரு பேச்சு நான் வாங்கியதில்லை.

அவரை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். கள்ளு நின்ற இரண்டாம் நாள் கை நடுங்க ஆரம்பித்தது. வேர்த்து ஊற்றிற்று. இல்லாத மாட்டை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டார். குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், அதனால்தான் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று சிஸ்டர் சொல்லி, அதற்கும் மாத்திரை கொடுத்தாள். மூக்கில் குழாய் விட்டு எடையை ஏற்றினார்கள். புது முகமூடி செய்தார்கள். பத்து நாளைக்குப் பிறகு கரண்ட் மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை ஃபிளாஸ்க்கில் கேழ்வரகுக் கஞ்சி போயிற்று. புண் ஆறியது. எல்லாம் முடித்துப் படம் எடுத்துப் பார்த்தபோது கட்டி இருந்த இடம் தெரியவில்லை.

டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துச் சொன்னார். "நோயை நாங்க எடுத்துட்டோம். இனி குடியை நீங்க எடுக்கணும். குடிக்காம இருந்தா வருஷம் போகப் போக பயம் குறையும். குடிச்சா இது திரும்பலாம். இல்லேன்னா தொண்டையிலயோ உணவுக்குழல்லயோ புதுசா ஒண்ணு வரலாம்."

"எம்பத்தஞ்சு கிலோ எருமையை மேட்டுல ஏத்தற மாதிரி ஏத்திட்டீங்கம்மா. மறுபடி பள்ளத்துல எறங்க மாட்டனுங்க" என்றார், உடைந்த குரலில். "எம்பத்தஞ்சு கிலோன்னா அது கன்னுக்குட்டிங்க" என்று பழனியம்மாள் திருத்தினாள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சந்தைக்குத் திரும்பினார். வியாபாரம் முடிந்து மொந்தை வந்ததும் கையை மறைத்துக்கொண்டார். முதல் மாசம் அவருக்கு வந்த நாலு வியாபாரம் கலைந்தது. தரகரே வாயை நனைக்காத மாட்டை எவன் ஓட்டிப் போவான் என்றார்கள். இன்னொரு தரகரான ரங்கசாமி, பழனியம்மாளுக்கு அண்ணன் முறை ஆகிறவன், ஊரைக் கூட்டிக் கேலி பேசினான்.

"ஏனுங் மாப்ள, டாக்டரம்மா கையைப் புடிச்சாங்களாமா! அதுலிருந்து நம்ம கையில வாங்கிக் குடிச்சாத் தீட்டாயிடுமாக்கும்?"

ஆறுச்சாமி கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த சந்தைக்கு ஒரு சாக்கு நிறைய இளநீரோடு வந்தார். நான்தான் வெட்டிக் கொடுத்தேன். வியாபாரம் முடிந்ததும் இளநீரைச் சீவி விற்றவரிடம் நீட்டினார். "இதுவும் அதே மரந்தானுங்க. பாளையைச் சீவாம வுட்டா இதா ஆகுது. வாய் நனையோணும், அவ்வளவுதான? மாடு ஒண்ணும் வித்தியாசம் கண்டுபுடிக்காது. புடிச்சு ஓடி வந்துதுன்னா என்ற ஊட்டுலிருந்து ஒரு மாடு ஓட்டிட்டுப் போங்க."

ஒரு மாடும் ஓடி வரவில்லை. ஆறு மாசத்தில் சந்தையில் பாதித் தரகர்கள் இளநீருக்கு மாறிவிட்டார்கள். கரோனா வந்து சந்தை மூடி, மறுபடி திறந்தது. அவர் அசையவில்லை. கன்னம் நிறைந்தது. பழைய சட்டை பத்தவில்லை என்று பழனியம்மாள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்குப் போனபோதெல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றே சொன்னார்கள். மூன்றரை வருஷம். இன்னும் ஒன்றரை வருஷம் தாண்டினால் பெரிய கண்டம் தாண்டின மாதிரி என்று டாக்டரம்மா சொன்னதாக எல்லாரிடமும் சொல்வார். "மாட்டுக்குப் பல்லைப் பாரு, மனுசனுக்குக் கூட்டாளியைப் பாரு" என்பார். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அதே கூட்டாளிகளோடுதான் உட்காருவார். வேறு யார் இருக்கிறார்கள் எங்களுக்கு?

கரோனா அடங்கி மாரியம்மன் நோம்பி மறுபடி முழுசாக நடந்த வருஷம். உச்சி வெயில். மாவிளக்கு முடிந்து, கோயிலுக்குப் பின்னால் புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ரங்கசாமி இருந்தான். ஆட்டு வியாபாரி வேலுமணி இருந்தான். கள்ளுக் கடையில் ஊற்றிக் கொடுக்கும் செல்லான் இருந்தான். மூன்று பேருக்கும் ஏற்கெனவே ஏறியிருந்தது.

"மாப்ளைக்கு எளநி வெட்டு மாரா. பாவம், பச்சைக் கொழந்தை" என்றான் ரங்கசாமி.

ஆறுச்சாமி, "நீ குடிக்கறதை நான் கேக்கலை. நான் குடிக்கறதை நீ கேக்காத" என்று சிரித்துவிட்டு, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பேசினார். இளநீர் சீவியாயிற்று. ரங்கசாமி அதை வாங்கினான். இடுப்பில் இருந்த பிராந்தியை எடுத்து இளநீரின் கண்ணுக்குள் ஊற்றினான். பெருவிரலால் கண்ணை மூடி ஒரு குலுக்குக் குலுக்கி, இரண்டு கையாலும் பவ்வியமாக நீட்டினான்.

ஆறுச்சாமி தாகத்தோடு இருந்தார். தலையை அண்ணாந்து மடமடவென்று இழுத்தார். பாதி இறங்கிய பிறகுதான் தெரிந்திருக்கும். புரையேறி, முகம் கறுத்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டிற்று. நாலு பேர் சிரித்தார்கள்.

"பாத்தியா, செத்தா போயிட்ட? டாக்டரம்மா கதை உட்டிருக்குது!" என்று தொடையைத் தட்டினான் ரங்கசாமி.

அதுகூடப் பரவாயில்லை என்பேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் அருவருப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்ட ஆறுச்சாமி, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"மிச்சம் கெடக்குதா?"

மூன்றரை வருஷம் தொழுவத்தில் கட்டிப் போட்டிருந்ததை ஒரு நிமிஷத்தில் அவிழ்த்துவிட்டார்கள். பிறகு கள்ளு வந்தது, பிராந்தி வந்தது. சோதனைக்குப் போவது நின்றது. போனால் மோந்து கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தார். பழனியம்மாள் அழுதாள், சோறு போடமாட்டேன் என்றாள், பட்டினி கிடந்தாள். "ஒண்ணும் ஆவலை பாரு" என்பார். அது அவர் பேச்சில்லை, ரங்கசாமியின் பேச்சு. அவர் வாயிலிருந்து வந்தது.

அடுத்த வருஷம் சோறு நெஞ்சில் நின்றது. அதே டாக்டரம்மா. இது பழையதில்லை, உணவுக்குழலில் புதிது என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முதல் தடவை போட்ட அளவு மருந்தை இந்தக் கல்லீரல் தாங்காது என்றார். குறைத்துப் போட்டார்கள். அதிலும் இடையில் காய்ச்சல் வந்து இரண்டு தடவை நிறுத்தினார்கள். முழுங்க முடியாமல் போனபோது, வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து, அதன் வழியாகக் கஞ்சி ஊற்றச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதை எழுத வேண்டாமே என்று செயலாளர் பேனாவை வைத்துவிட்டார். எழுதச் சொன்னேன்.

ஒரு பிற்பகல் அவரைப் பார்க்கப் போனேன். பழனியம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வீட்டுக்குள் கால் வைத்ததுமே அந்த நாற்றம். கட்டிலில் ஆறுச்சாமி எலும்பாகக் கிடந்தார். பக்கத்தில் ரங்கசாமி. வயிற்றுக் குழாயின் வாயில், மண்ணெண்ணெய் ஊற்றுகிற பிளாஸ்டிக் புனலைச் செருகி, தூக்கிப் பிடித்து, பிராந்தியை ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்றா பண்றே?"

"ஏன் கத்தறே? நாக்குல படலை, தொண்டைல படலை. நேரா வவுத்துக்குப் போகுது. இதுல அவனுக்கு என்ன கெடுதல்? வலி தெரியாமக் கெடக்கட்டும்."

புனலைப் பிடுங்கிக்கொண்டு போய் வாசலில் எறிந்தேன். வலிக்குச் சொட்டு மருந்து ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். மாசம் தவறாமல் வலி மருத்துவத்து நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்த்தாள். அந்த மருந்தோடு இதையும் சேர்த்தால் மூச்சு நின்றுவிடும் என்று அவள் தலைதலையாக அடித்துக்கொண்டிருந்தாள். ரங்கசாமிக்கும் அது தெரியும்.

நான் திரும்பி உள்ளே போனேன். ஆறுச்சாமிக்குப் பேச்சு போய்விட்டிருந்தது. என் கையைப் பிடித்து, மேலே துண்டை இழுத்துப் போட்டார். துண்டுக்கடியில் என் ஒரு விரலை அழுத்திப் பிடித்தார். சந்தையில் விலை சொல்லுகிற அதே பிடி. இன்னும் ஒன்று என்று கேட்டார். சிந்துப் பசுவின் மடிநோவுக்காகத் துண்டை எடுக்க மறுத்த கை அது. அவர் மேல் எனக்கு வந்தது இரக்கமில்லை. அருவருப்புத்தான். அதை மறைத்து இப்போது நல்ல வார்த்தை பேசினால் நான்தான் பொய்யன்.

ஆடியில் போனார். சாவு வீட்டில் வாசலில் பாடை. மாட்டுச் சாளைக்குப் பின்னால் அந்த இரண்டு கேன். "பாவம், தொண்டை ரணம்னு எத்தனை கஷ்டப்பட்டுட்டான் மனுசன்" என்று ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே கிளாஸை நீட்டினான். "நல்லவனுக்குக் காலமில்லீங்க. கொஞ்சம் நெறைச்சு ஊத்துப்பா." அழுகையும் ஏப்பமும் ஒரே வாயிலிருந்து வந்தன. பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பழனியம்மாளுக்குக் காற்றில் அந்த வாடை வந்துகொண்டே இருந்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். துக்கத்தில் மூடினாள் என்று நினைத்தார்கள்.

பதினாறாம் நாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் வைப்பது வழக்கம். கச்சாயம் இருந்தது, வடை இருந்தது, வெற்றிலை இருந்தது. படத்துக்கு நேர் முன்னால், மூடியைத் திறந்து, பக்கத்தில் கிளாஸும் வைத்து, ஒரு பிராந்திப் புட்டி. ரங்கசாமி வைத்தது. சுற்றி நின்றவர்கள் கும்பிட்டார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

பழனியம்மாள் எழுந்தாள். புட்டியைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினாள்.

"ஏனுங்ணா," என்றாள் ரங்கசாமியைப் பார்த்து. "வாய் வழியா ஊத்துனீங்க. வவுத்து வழியா ஊத்துனீங்க. அவுரு இப்ப சாம்பலுங்க. இன்னும் எந்த ஓட்டைல ஊத்தோணும்? சொல்லுங், நானே ஊத்தறேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் புட்டியை எடுத்துப்போய் எருக்குழியில் கவிழ்த்தாள். திரும்பி வந்து, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கற்பூரத்தைக் கொளுத்தினாள்.

ஆறுச்சாமியிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று செயலாளர் கேட்கிறார். அவர் துண்டைப் பழனியம்மாள் தருகிறேன் என்றாள். வாங்கிக்கொள்ளவில்லை. என்னிடம் இருப்பது ஒரு பார்வை. புளிய மரத்தடியில் அந்த இளநீரை உறிஞ்சிப் புரையேறி நிமிர்ந்தபோது, அவர் ரங்கசாமியைப் பார்க்கவில்லை. அவனை அவருக்குத் தெரியும். இளநீரைச் சீவியவனைப் பார்த்தார். சீவியவன் அரிவாளைத் துடைத்துக்கொண்டே, ரங்கசாமி ஊற்றியதையும் குலுக்கியதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றான். கள்ளு என்ன செய்யும் என்று ஆஸ்பத்திரியில் நின்று காதால் கேட்டவன் அங்கே அவன் ஒருவன்தான். ஒரு வார்த்தை போதும், வேண்டாம் என்று. சொல்லவில்லை. நோம்பி நாள், எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான்.

அன்று சிரித்தவர்கள் நாலு பேர். வேலுமணி குடித்துவிட்டு மேட்டில் பைக்கோடு விழுந்து போனான். செல்லான் கல்லீரல் வெந்து, வயிறு ஊதிப் போனான். ரங்கசாமி இந்தக் கார்த்திகையில் ரத்தம் ரத்தமாகக் கக்கிப் போனான். இன்று உயிரோடு இருப்பது, கள்ளு இறக்கிய மாரப்பன் ஒருவன்தான்.